மூன்றாவது முறை தட்டியதும்

செப்டம்பர் 2, சனி

எழுத வராதபோது தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள், கை தானாக இளகிவிடும் என்று வைஜயந்தி மேடம் சொன்னார். 'மல்லிகைப் பந்தல்' இணையதளத்தை நடத்துகிறவர் அவர்தான். அதில் நாற்பது பெண்கள் தொடர்கதை எழுதுகிறோம். நாற்பது பேரும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே எழுதுகிறவர்கள். அங்கே எனக்கு யாழ்நங்கை என்று பெயர். இந்த டைரிக்கு அந்தப் பெயர் வேண்டாம். இங்கே நான் சுகந்தி, வயது முப்பத்தேழு, திருப்பூரில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடி.

என் கதை முப்பது பதிவு ஓடிவிட்டது. பதிவை எங்கள் வாசகிகள் 'எபி' என்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் எபி. அதற்கு முன்னால் ஆசை காட்ட 'டீஸர்' என்று இரண்டு வரி போடுவோம். எபியை எழுதி முடித்துவிட்டு அதிலிருந்து இரண்டு வரியை எடுத்துப் போடுவதுதான் முறை. நான் போன சனிக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, எபியில் ஒரு எழுத்துகூட எழுதாமல் டீஸரை மட்டும் போட்டுவிட்டேன்.

"மூன்றாவது முறை தட்டியதும் கதவு திறந்தது. திறந்தவரைப் பார்த்து மதுவந்தி அழவில்லை. சிரித்தாள்."

போடும்போது நன்றாகத்தான் இருந்தது. கதவை யார் திறப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்தால் தானாக வரும் என்று இருந்துவிட்டேன். முன்பு நாலு தடவை இப்படிச் செய்து தப்பித்தும் இருக்கிறேன். இந்தத் தடவை வரவில்லை. இரண்டு எபி போடாமல் போயாயிற்று.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பிருந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். எட்டுப் பேர். கேசரி, பஜ்ஜி, டீ. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கூரியர் ஒன்று வந்து போனதைத் தவிர எந்தக் குழப்பமும் இல்லை.

காலிங் பெல் ஆடி மாதத்திலிருந்து வேலை செய்யவில்லை. இவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

மாவு அரைத்தேன். எழுதவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

மகள் இனியா பள்ளிக்கூடம், இவர் பனியன் கம்பெனி, அத்தை கோயில் என்று எல்லோரும் கிளம்பிய பிறகு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் என் நேரம். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பத்தேகாலுக்கு ஃபிரிட்ஜைத் துடைக்க எழுந்தேன். அதற்குப் பிறகு மிளகாய்ப்பொடி டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். வீடு இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

பதினொன்றரைக்கு என் பிறந்த ஊர் கோபியிலிருந்து அம்மாவின் போன்.

"அம்மிணி, மைதிலி உங்கிட்ட பேசினாளா?"

"இல்லீங்ம்மா. ஏன்?"

"ஒரு வாரமா போனு அணைஞ்சே கெடக்குது. மாப்பிள்ளைக்கு அடிச்சா, உங்க பெரிய புள்ள ஊட்டுக்குத்தான் போயிருப்பா, அங்க கேளுங்கன்னு வெச்சுட்டாரு. உன்ற ஊட்டுக்கு வந்தாளா சாமி?"

"வரலீங்ம்மா."

மைதிலி என் தங்கை. பவானியில் கட்டிக் கொடுத்து மூன்று வருடம். சின்னதாக ஏதாவது சண்டையாக இருக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். போனை வைத்த பிறகு ரசத்தில் உப்பு போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டுவிட்டேன். யாரும் வாயில் வைக்க முடியவில்லை.

சாயங்காலம் இவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்த ஞாயித்துக்கிழமை கூரியர் வந்துச்சுன்னியே, அது எனக்கு வர வேண்டிய துணி சாம்பிளா இருக்குமோ? ஆர்டர் குடுத்த பையர் உயிரை வாங்கறான்" என்றார். எதிர் வீட்டுக்கு வந்தது, வீடு மாறித் தட்டிவிட்டான் என்று சொன்னேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மூன்றாவது எபியும் போடவில்லை. வைரஸ் காய்ச்சல் என்று தளத்தில் அறிவிப்பு போட்டேன். நூற்று நாற்பது பேர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஈரோட்டு பானு என்கிற வாசகி நிலவேம்புக் கஷாயம் வைக்கும் பக்குவத்தை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மகா கேவலமாக இருக்கிறது எனக்கு.

இருந்தாலும் இன்று முயற்சி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கதவைத் திறப்பது கதாநாயகன் ஆதவன் என்று எழுதினேன். தாழ்ப்பாள் மேல் அவன் கை போகிறது. அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. சரி, மதுவந்தியின் கல்லூரித் தோழி என்று மாற்றினேன். அவள் கையும் தாழ்ப்பாளில் போய் நின்றுவிட்டது. அம்மா, டீச்சர், கடைசியில் ஒரு வேலைக்காரம்மா. ஐந்து பேர் கதவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தரும் திறக்கவில்லை. ஒரு தாழ்ப்பாளை எழுத்தில் திறப்பது இவ்வளவு கஷ்டமா?

மேடத்துக்குப் போன் செய்து, கதவு திறக்கும் எபியைத் தாண்டி அதற்கு அடுத்ததை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். "டீஸர் போட்டுட்டீங்களேம்மா, பந்தயம் கட்டிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். உண்மைதான். ஆதவனுக்கு அறுபத்திரண்டு ஓட்டு.

செப்டம்பர் 6, புதன்

அம்மாவிடமிருந்து போன் இல்லை. நானும் அடிக்கவில்லை.

தளத்தில் டீஸருக்குக் கீழே ஒரு புதுக் கருத்து. 'ஜன்னலோரம்' என்று பெயர். இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மூன்றாவது முறை தட்டினாலும் கதவு திறக்காது என்று நினைக்கிறேன். உள்ளே விருந்தாளிகள் இருப்பார்கள்."

இதற்கு ஏழு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். நெகட்டிவாக யோசிக்காதீங்க சிஸ், எங்க ரைட்டர் கைவிட மாட்டாங்க என்று ஒருத்தி பதில் எழுதியிருக்கிறாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பாத்ரூமைக் கழுவினேன்.

செப்டம்பர் 7, வியாழன்

யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். மதுவந்தி என் கற்பனை இல்லை.

மைதிலியின் கணவர் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவார். போன் மட்டும் அவள் கையில் இருக்கும். மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, வீட்டில்தான் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டுமல்லவா. "கேட்டா திருடன் பயம்ங்கறாருக்கா" என்று ஏப்ரலில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? உடனே வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றுதானே. நான் "அப்புறம்?" என்று கேட்டேன். கதை கேட்கிற மாதிரி.

மே மாதத்தில் மதுவந்தி பிறந்தாள். வெளியே பூட்டிவிட்டுப் போகும் கணவன். வாசகிகள் கொதித்துப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யார் இருக்கிறார்கள் என்று சிலர் சண்டைக்கும் வந்தார்கள். அந்த எபிக்கு வந்த கருத்துகளை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். மைதிலி அதற்குப் பிறகும் வாரம் ஒரு தடவை பேசுவாள். கதையையும் படிப்பாள். தன்னைத்தான் எழுதுகிறேன் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அடுத்த எபி எப்பக்கா?" என்பதோடு சரி.

மதுவந்தி அந்த வீட்டை விட்டு எப்படியாவது வெளியே வர வேண்டும் என்று வாசகிகள் கேட்டார்கள். முப்பதாவது எபியில் வந்துவிட்டாள். வந்து ஒரு கதவைத் தட்டுகிறாள்.

மீதியை இன்று எழுத முடியாது. இனியாவுக்கு நாளை கணக்குப் பரீட்சை.

செப்டம்பர் 8, வெள்ளி

வசமாக மாட்டிக்கொண்டேன்.

இவர் எதிர் வீட்டு ராதாமணி அக்காவிடம் சாம்பிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த அக்கா அந்த வாரம் ஊரிலேயே இல்லையாம். உடனே கூரியர் ஆபீஸுக்குப் போன் போட்டு, பூட்டின வீட்டில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கத்தியிருக்கிறார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ஞாயித்துக்கிழமை எங்களுக்கு டெலிவரியே கிடையாதுங்களே" என்றார்களாம்.

இவர் வந்து சமையலறை வாசலில் நின்று, "ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஏது கூரியர்?" என்று கேட்டார். சந்தேகமாகக்கூட இல்லை. சும்மா கேட்டார். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை.

முப்பது எபி எழுதியவள். கதையில் ஒரு நாள் கிழமை பிசகினால் பத்து வாசகிகள் பிடித்துவிடுவார்கள். எட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் வாய் கூசாமல் சொன்ன பொய்யில் கிழமையைப் பார்க்கவில்லை.

சரி. எழுதுகிறேன்.

அன்று காலை பதினொன்றரை இருக்கும். ஹாலில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு வந்துகொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். தட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு கதவு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மைதிலி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு பெரிய பை. தலை கலைந்திருந்தது. காதில் கம்மல் இல்லை. பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. வந்துவிட்டாள். ஒரேயடியாக வந்துவிட்டாள்.

தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன். முதுகுக்குப் பின்னால் பையனின் அம்மா எங்கள் குடும்பத்தைப் பற்றி அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மருமக கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க, எங்க குடுத்திருக்குது? இந்த நிமிஷம் பையோடு இவள் உள்ளே வந்தால் பிருந்தா கல்யாணம் என்ன ஆகும், அத்தை என்ன சொல்வார், இவர் முகம் எப்படிப் போகும்? இவ்வளவும் ஒரே மூச்சில் மண்டைக்குள் ஓடியது. அவள் இரண்டாம் தடவை தட்டினாள்.

"யாருங்க அம்மிணி?" என்று பையனின் அம்மா கேட்டார்.

"கூரியருங்க. எதிர் வீட்டுக்குங்க" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எங்கள் கதவு மெல்லியது. படியில் யார் பேசினாலும் உள்ளே கேட்கும். உள்ளே பேசினால் வெளியேயும் கேட்கும்தானே.

மூன்றாம் தடவை தட்டவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டினாள்.

அம்மாவிடம் வரவில்லை என்று சொன்னேனே, உள்ளே வரவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். எப்படிப்பட்ட ஜன்மம் நான்.

செப்டம்பர் 9, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். துணி காயப்போடும்போது, மொட்டை மாடியில். போர்வையின் அந்தப் பக்கம் அவர் நின்றதால் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. கதை எழுதியதையும் சொன்னேன், கதவையும் சொன்னேன்.

போர்வையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நான் உள்ள ரூம்லதான இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்த் தொறந்திருப்பனே."

"உங்க தங்கச்சிக்குப் பேசிட்டிருக்கறப்பங்க..."

"அதுக்கு?"

எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. திட்டியிருந்தால், நீ செய்தது சரிதான் என்று சொல்லியிருந்தால், பழியில் பாதியை அவர் தலையில் போட்டிருக்கலாம். நான் அவரை நினைத்துப் பயந்தேன் என்பதற்கு அவர் ஒன்றுமே செய்திருக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கூட இருக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

'ஜன்னலோரம்' எழுதியதைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உசுரோட இருக்கறா. அது போதும் இப்பத்திக்கு" என்றார். போலீஸுக்குப் போகலாமா என்று நானே கேட்டேன். போனால் முதலில் பவானிக்குத்தான் போன் போகும், அந்த ஆள்தான் வந்து நிற்பான், அவளிடம் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம் என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போய் புது காலிங் பெல் வாங்கி வந்தார். ஸ்டூல் போட்டு அவரே மாட்டினார். "பெல் இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மைதிலி பழைய நம்பரில் இல்லை. புது நம்பர் எனக்குத் தெரியாது. தளத்தில் தனிச் செய்தி அனுப்பினால் 'ஜன்னலோரம்' திறந்து பார்ப்பதில்லை. அவளிடம் பேச எனக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் படிக்கிற இடம்.

காலையில் ஒரு போட்டி அறிவித்தேன்.

"தங்கங்களே, கதவு திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மதுவந்தி இப்போது எங்கே இருப்பாள்? எழுத்தாளருக்கே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதுவந்தி எழுத்தாளரை மன்னிக்க வேண்டாம். சாப்பிட்டாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்."

மத்தியானத்துக்குள் எண்பது பதில். பெங்களூரில் ஐ.டி. வேலை என்கிறாள் ஒருத்தி. ஆதவனின் பண்ணை வீடு என்கிறார்கள் பாதிப் பேர். ஆசிரமம், கப்பல், துபாய். ஈரோட்டு பானு மட்டும், "என்னம்மா, காய்ச்சல் இன்னும் விடலையா, ஒரு மாதிரி எழுதறீங்க" என்று கேட்டிருக்கிறார்.

'ஜன்னலோரம்' இல்லை.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். அத்தை, "அந்தப் போனை என்னத்துக்கு அப்படி நோண்டிட்டே இருக்கற?" என்று கேட்டுவிட்டார்.

செப்டம்பர் 11, திங்கள்

காலை ஏழு ஐந்துக்கு வந்திருக்கிறது. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன்.

"பெருமாநல்லூரில் பெண்கள் விடுதி ஒன்றில் இருப்பாள். ஜன்னலுக்கு எதிரே நீலப் பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். பனியன் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. சாப்பிட்டாள்."

கடைசி வார்த்தையைப் படித்ததும் அழுதுவிட்டேன். இட்லி மாவில் கண்ணீர் விழாமல் தள்ளி நின்று அழுதேன்.

பெருமாநல்லூர் எங்கள் வீட்டிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு வாரமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

வாசகிகள் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. ஹீரோயின் பனியன் கம்பெனியிலா, சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

சாயங்காலம் இவர்தான் வண்டியில் கூட்டிப்போனார். நீலத் தொட்டியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ஊரில் பாதித் தொட்டி நீலம். ஐந்தாவது தொட்டிக்கு எதிரே விடுதி. "நீ போ, நான் கீழயே இருக்கறேன்" என்று டீக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். விடுதி நடத்தும் அம்மா நோட்டில் கையெழுத்து வாங்கினார். 'உறவு' என்ற கட்டத்தில் அக்கா என்று எழுத வெட்கமாக இருந்தது.

முதல் மாடி, கடைசி அறை. தட்டினேன்.

உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். "யாரு?" என்றாள். அவள் குரல்தான். "நான்தான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சத்தமில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா? திறக்கவில்லையென்றால் இதுதான் நியாயம், பேசாமல் படியிறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு மூன்றாவது தடவை தட்டினேன்.

திறந்தாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூரியரோன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "செருப்பை உள்ள எடுத்துட்டு வா. இங்க நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று வழிவிட்டாள்.

நாலு கட்டில் போட்ட அறை. மற்ற மூன்று பேரும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். காலில் விழுகிற மாதிரி ஏதோ உளறினேன். மைதிலி துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"என்ற டீஸரைப் பாத்துட்டுத்தான் வந்தியாடி?" என்று கேட்டேன். இரண்டு வாரமாக என்னை அரித்தது அதுதான்.

"உன்ற டீஸருக்காக எவளாச்சும் புருஷனை உட்டுட்டு வருவாளா? அவரு முடி வெட்டப் போனாரு. பக்கத்துலதானேன்னு பூட்டலை. கம்மலைக் கழட்டி வெச்சுட்டு, பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். போனை அணைச்சுட்டேன். ஆனா டீஸர் மனப்பாடம். பஸ்ஸுல அதையேதான் சொல்லிட்டு வந்தேன். அதான் மூணாவது தடவையும் தட்டுனேன். உன்ற குரல் கேட்டதுக்கப்புறமும் தட்டுனேன்."

"போன செவ்வாக்கிழமை அம்மாவுக்குப் பேசிட்டேன். அக்காகிட்டச் சொல்லாதீங்க, அவளா தேடுறாளான்னு பாக்கலாம்னேன்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? நீ அவளை ரொம்ப அழ வெக்கிற. எபிக்கு எபி அழுதுட்டே இருக்கறா. பூட்டியிருந்தப்ப நான் அப்படியெல்லாம் அழுகலை. உளுந்து ஊறப் போட்டேன். டிவி பாத்தேன். உன்ற கதையைப் படிச்சேன். எப்படா இவன் பூட்டாம போவான்னு நாள் பாத்துட்டிருந்தேன். அதை எழுதவே இல்லை நீ."

"எனக்குத் தெரியலை."

"கேட்டாத்தான தெரியும்? அப்புறம், அப்புறம்னு மட்டும்தான் கேட்ட."

கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை பிருந்தாவுக்கு வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம், வா என்றேன். அவங்கெல்லாம் இருப்பாங்களே என்றாள். அவங்க இருக்கும்போதே வா என்றேன். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். புது நம்பரைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு நிமிர்ந்தேன். பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை.

ஐந்து பேரையும் கதவுக்குப் பின்னாலிருந்து போகச் சொல்லிவிட்டேன். அங்கே இப்போது ஒரே ஒருத்திதான் நிற்கிறாள். கையில் டீத் தட்டு. அவள் பக்கத்திலிருந்து எழுதினேன். மதுவந்தியின் அக்கா. முப்பது எபியில் அவளுக்கு ஒரு வசனம்கூட இருந்ததில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

முப்பத்தொன்றாவது எபி போட்டேன். கதவு திறக்கவில்லை. டீஸர் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள், காய்ச்சலும் பொய் என்று கீழே எழுதினேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏமாற்றுவேலை என்று பதினான்கு பேர். ஆதவனுக்கு ஓட்டுப் போட்ட ஒருத்தி தளத்தை விட்டே போகிறாளாம். ஈரோட்டு பானு, "இந்த அக்காக்காரியை அறையணும் போல இருக்கு. ஆனா எங்க வீட்லயும் ஒரு தடவை இப்படி நடந்துச்சு" என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கிறார். மேடம் போன் செய்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லாமல், "யாரு சுகந்தி அது?" என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி 'ஜன்னலோரம்' வந்தது.

"இப்போது சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். மதுவந்தி அழுதுகொண்டு மெதுவாகப் படியிறங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். செருப்பு வார் அறுந்துவிட்டது. அதனால்தான் மெதுவாக இறங்கினாள்."

திருத்திவிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

நாளை புரட்டாசி. அதனால் இன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். இன்று பதினோரு பேர் வந்தார்கள். கேசரிக்குப் பதில் பால்பணியாரம். அத்தையிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம், "வந்தா சாப்பாட்டுக்கு எல போதுமா பாரு" என்றார்.

பத்தரையிலிருந்து என் காது முழுக்க வாசலில்தான். பதினொன்று. பதினொன்றேகால். புது பெல் இரண்டு தடவை அடித்தது. ஒன்று பூக்காரம்மா, இன்னொன்று ராதாமணி அக்கா. இரண்டு தடவையும் நான் ஓடிய வேகத்தைப் பார்த்து இவர், மெதுவா போ என்று கண்ணைக் காட்டினார். வராவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. டீ போட்டு ஆற்றித் தட்டில் வைத்தேன்.

பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெல் கண்ணுக்கு நேராக இருக்கிறது. இருந்தும் தட்டினாள்.

லென்ஸில் பார்க்கவில்லை. ஒரு கையில் தட்டோடு போய் மறு கையால் தாழ்ப்பாளை இழுத்தேன். இரண்டாம் தடவை தட்ட விடவில்லை. தட்டுவதற்குத் தூக்கிய கையோடு மைதிலி நின்றாள். நீலத்தில் ஒரு சேலை. காலில் புதுச் செருப்பு.

"யாருங்க அம்மிணி?" பையனின் அம்மா அதே நாற்காலியில், அதே மாதிரி கேட்டார்.

"என்ற தங்கச்சிங்க. பவானியில குடுத்திருந்தோம். அங்க சரிப்படலைங்க, வந்துட்டா. பெருமாநல்லூர்ல வேலைக்குப் போறாங்க."

அந்த அம்மா மைதிலியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"போன தடவை ஞாயித்துக்கிழமை வந்த கூரியருங்களா?" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வா கண்ணு, இப்படி உக்காரு" என்றார்.

மைதிலி அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதது நான்தான்.

டீ ஒரு டம்ளர் குறைந்தது. என்னுடையதைக் கொடுத்தேன்.